பழைய பணத்தாளுக்குத் தரச்சான்று: அந்தச் சேவை எதைத் தீர்க்கிறது, எதைத் தீர்ப்பதில்லை

பழைய பணத்தாள்கள் கட்டாகக் கைக்கு வந்து சேரும்போது எழுகிற கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான். எவற்றை வைத்துக்கொள்வது, எவற்றை விற்பது, எவற்றைச் செலவழித்துத் தீர்ப்பது? இதற்கு விடை வேண்டுவோர் பலர், பணத்தாள்களை ஆராய்ந்து தரம் குறித்து உறையிட்டுத் தரும் நிறுவனங்களை நாடுகிறார்கள். 2005-இல் தொடங்கப்பட்டு அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்திலுள்ள சாரசோட்டாவில் இயங்கிவரும் பி.எம்.ஜி. நிறுவனமும், நாணயத் தரச்சான்றில் பெயர்பெற்ற பி.சி.ஜி.எஸ். நிறுவனத்தின் பணத்தாள் பிரிவும் இத்துறையில் உலகெங்கும் அடிபடும் பெயர்கள். இரண்டும் செய்கிற வேலை ஏறத்தாழ ஒன்றே: அனுப்பப்பட்ட நோட்டு அசலா என்று பார்க்கின்றன, அதன் நிலையை 70 வரையுள்ள ஓர் எண்ணால் குறிக்கின்றன, பின்னர் அதை ஒளி ஊடுருவும் உறையில் முத்திரையிட்டு, சான்று எண்ணோடு லேபிள் ஒட்டித் திருப்பி அனுப்புகின்றன. இந்தச் சேவை தன் வேலையை நன்றாகவே செய்கிறது என்பதே என் கருத்து. ஆனால், வைத்துக்கொள்வதா விற்பதா செலவழிப்பதா என்பது அந்த வேலைக்குள் அடங்கவில்லை. அதை நாமே முடிவு செய்துவிட்டுத்தான் உறையிடக் கொடுக்க வேண்டும்.

முதலில் அந்த எண்ணைப் புரிந்துகொள்வது நல்லது, ஏனெனில் அதைச் சுற்றித்தான் குழப்பமெல்லாம். இந்த அளவுகோலின் மூலம் பணத்தாளே அன்று. 1949-இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் அமெரிக்காவின் பழைய பெரிய செப்புச் சென்ட் நாணயங்களுக்காக வகுத்த முறை அது. 1 என்ற தரத்திலுள்ள நாணயத்தின் விலையைப் போல எழுபது மடங்கு பெறக்கூடிய நாணயத்துக்கு அவர் 70 என்று எண்ணிட்டார். அதாவது அது பிறக்கும்போதே விலையைக் குறிக்கும் எண்ணாகத்தான் பிறந்தது. சந்தை அந்தக் கணக்கை வெகு விரைவில் மீறிப் போய்விட்டது. இன்று 70 என்பதற்கும் விலைக்கும் நேரடித் தொடர்பு ஏதும் இல்லை. ஆனாலும் லேபிளில் 66 என்று கண்டவுடன், இது 33 பெற்ற நோட்டைப் போல இரு மடங்கு பெறும் என்று மனம் தானாகவே கணக்குப் போட்டுவிடுகிறது. அந்தக் கணக்கை விட்டொழித்தவருக்கே லேபிள் பயன்படும்.

நிலையைக் குறிப்பதில் இந்த நிறுவனங்கள் காட்டும் கண்டிப்பு, வீட்டில் நோட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் அளவுக்கு மீறியதாகவே படும். புழக்கத்துக்கே போகாத நோட்டு 60 முதல் 70 வரையிலான எண்களில் ஒன்றைப் பெறுகிறது. படத்தின் குறுக்கே ஒரே ஒரு மடிப்பு விழுந்திருந்தாலும் நோட்டு 60-ஐத் தொட முடியாது. 58 என்றோ அதற்குக் கீழோதான் நிற்கும். அந்த மடிப்பு எத்தனை மெல்லியதாக இருந்தாலும், நோட்டு எத்தனை மொடமொடப்பாக இருந்தாலும் விதி இதுதான். 60-க்கு மேற்பட்ட எண்களிலோ மடிப்பைப் பற்றிய பேச்சே இராது. நான்கு ஓரங்களின் வெள்ளை விளிம்புகள் சமமாக அமைந்திருக்கின்றனவா, மூலைகள் கூராக இருக்கின்றனவா, எண்ணிக் கட்டியபோது பட்ட விரல் தடம் ஏதும் உண்டா என்பவைதான் 63-ஐயும் 66-ஐயும் பிரிக்கின்றன. அச்சகத்தில் வெட்டும்போது படம் ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டால், பெட்டகத்தை விட்டு வெளியே வராத நோட்டுக்கும் எண் குறையும்.

எண்ணைக் காட்டிலும் எனக்கு மதிப்புடையதாகத் தோன்றுவது, அதை ஒட்டி வரும் குறிப்பு. பி.எம்.ஜி. அதை இ.பி.கியூ. என்கிறது, பி.சி.ஜி.எஸ். பி.பி.கியூ. என்கிறது. தாள் தன் இயல்பான நிலையிலேயே இருக்கிறது, யாரும் அதைக் கழுவவில்லை, அழுத்தித் தட்டையாக்கவில்லை, ஓரத்தை நறுக்கவில்லை, ஒட்டவில்லை என்பதே அதன் பொருள். பி.எம்.ஜி. முறையில் 65-உம் அதற்கு மேற்பட்ட எண்களும் இந்தக் குறிப்பு இல்லாமல் வழங்கப்படுவதில்லை. கிழிசல், ஒட்டு, கறை போன்ற குறையுள்ள நோட்டுக்கு எண்ணோடு 'நெட்' என்ற சொல்லையும் சேர்த்து, லேபிளின் பின்புறம் குறையின் தன்மையையும் எழுதிவிடுகிறார்கள். வாங்குபவர் பலர் முன்புறத்து எண்ணோடு நின்றுவிடுவதால், பின்புறத்தைப் படிக்கும் பழக்கம் உள்ளவர் பல வீண் செலவுகளைத் தவிர்த்துவிடலாம்.

இந்தச் சேவைக்குக் கட்டணம் செலுத்துவதற்கு உண்மையான காரணம் இதுதான் என்பேன். ஒரு நோட்டைக் கழுவி, உலர்த்தி, அழுத்தி வைத்தால், சாதாரணக் கண்ணுக்கு அது மேலும் இளமையாகத் தெரியும். தேர்ந்த கண்ணுக்கோ, தாளில் மை புடைத்து நிற்கும்படி அச்சிடும் ஆழ அச்சின் மேடு அமுங்கியிருப்பதும், மடிப்பு இருந்த கோட்டில் மையின் மெல்லிய வெடிப்பும், தாளின் தளர்வும் தெரிந்துவிடும். பணத்தாள் பெரும்பாலும் பருத்தி இழையால் ஆனது; வெண்மையூட்டும் வேதிப்பொருள் கலவாத தாள் என்பதால், புற ஊதா விளக்கின் கீழ் அது மங்கலாகவே தெரியும். சலவைத்தூளில் கழுவிய நோட்டோ நீலமாக ஒளிரும், ஏனெனில் துணிக்குப் பளிச்சென்ற வெண்மை தரச் சேர்க்கப்படும் பொருள் தாளிலும் ஏறிவிடுகிறது. நான் அனுப்பிப் பார்த்தவற்றில் என் கணிப்பும் அவர்கள் தந்த எண்ணும் பெரும்பாலும் நெருங்கியே வந்தன. விலகிய இடங்களில், எனக்கு முன்னரே யாரோ அழுத்தி மறைத்த மடிப்பை அவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். பழைய நோட்டைச் 'சரிசெய்து' அனுப்ப நினைப்பவர், இஸ்திரிப் பெட்டியைத் துணிக்கே விட்டுவைப்பது நல்லது. தாளில் வைத்தால் சுருக்கத்தோடு விலையும் போய்விடும்.

அசல் எது, போலி எது என்று பிரித்துச் சொல்வதிலும் இந்தச் சேவையை நம்பலாம். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1861 முதல் 1865 வரை தென் மாநிலக் கூட்டமைப்பு வெளியிட்ட நோட்டுகளுக்கு, பிற்காலத்தில் நினைவுப் பொருளாக அச்சிடப்பட்ட நகல்கள் ஏராளம். பழுப்பேற்றிய தாளில் அச்சிட்ட அந்த நகல்களைத் தாத்தாவின் பெட்டியில் கண்டெடுக்கும் குடும்பங்கள், அவற்றைப் புதையல் என்றே நம்பிவிடுகின்றன. அத்தகைய ஐயம் உள்ள இடத்தில், தனக்கு விற்கவோ வாங்கவோ ஏதுமில்லாத மூன்றாவது ஆள் ஒருவரின் சொல் பயனுடையது. இதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும்: நோட்டைப் போலவே உறைக்கும் போலி வந்துவிட்டது. ஆகவே உறையைக் கண்டு நம்பாமல், சான்று எண்ணை நிறுவனத்தின் பதிவேட்டில் இட்டு, அங்குள்ள படத்தின் வரிசை எண்ணும் கையிலுள்ள நோட்டின் வரிசை எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தச் சரிபார்ப்புக்குக் கட்டணம் இல்லை என்பது சேவையின் சிறந்த அம்சங்களில் ஒன்று.

இனி, அது சொல்லாதவற்றைப் பார்ப்போம். நோட்டின் விலையை இந்த நிறுவனங்கள் லேபிளில் எழுதுவதில்லை. எழுதக் கூடாது என்பதே சரியும்கூட. கட்டணமோ நாம் அறிவிக்கும் மதிப்பின் அடிப்படையில் படிப்படியாக உயர்கிறது. அதோடு காப்பீட்டுடன் அனுப்பும் செலவு, நாடு விட்டு நாடு போனால் சுங்க அறிவிப்பு, திரும்பி வரும் வரை காத்திருக்கும் காலம் எல்லாம் சேர்கின்றன. எனவே ஒரு நோட்டை அனுப்பலாமா என்பதற்கு எளிய உரைகல் ஒன்று உண்டு. சான்றுள்ள நிலையிலும் சான்றில்லாத நிலையிலும் அதே வகை நோட்டு ஏலங்களில் முடிந்த விலைகளைத் தேடிப் பார்த்து, அவற்றின் வேறுபாடு மொத்தச் செலவை நன்றாகவே தாண்டினால் அனுப்பலாம். கேட்கும் விலையை இங்கே கணக்கில் எடுக்கவே கூடாது. யார் எதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம்; ஒருவர் உண்மையில் கொடுத்து வாங்கிய தொகை மட்டுமே சான்று. அப்படிப் பார்த்தால், பெரும்பாலான வீடுகளில் கிடக்கும் பெரும்பாலான நோட்டுகள் இந்தத் தேர்வில் தேறுவதில்லை.

காரணம், பழமையும் அருமையும் வேறு வேறு என்பதுதான். ஜெர்மனியில் 1923-இல் பணவீக்கம் தலைகால் தெரியாமல் ஏறியபோது அச்சிடப்பட்ட கோடிக்கணக்கான மார்க் மதிப்புள்ள நோட்டுகள் நூறாண்டைக் கடந்துவிட்டன. ஆனால் அச்சகங்கள் இரவும் பகலும் ஓடி அடித்துத் தள்ளியவை என்பதால் அவற்றுள் பல வகைகள் இன்றும் மலிவாகவே கிடைக்கின்றன. அமெரிக்காவில் 1976-இல், நாட்டின் இருநூறாம் ஆண்டு நிறைவையொட்டி, விடுதலைப் பிரகடனக் காட்சியைப் பின்புறத்தில் தாங்கி வெளிவந்த இரண்டு டாலர் நோட்டை, 'இனிக் கிடைக்காது' என்று எண்ணி மக்கள் பத்திரப்படுத்தினார்கள். 50 கோடிக்கும் மேல் அச்சிட்டு, எல்லோரும் பத்திரப்படுத்திய ஒன்று எப்படி அரிதாகும்? சாதாரண வரிசை எண்ணுள்ள, கைபட்ட அத்தகைய நோட்டு இன்றும் இரண்டு டாலர்தான். அதைச் செலவழிப்பதில் இழப்பு ஏதுமில்லை. இதற்கு நேர்மாறாக, 1969-இல் வெளியீடு நிறுத்தப்பட்ட 500 முதல் 10,000 டாலர் வரையிலான நோட்டுகளும் சட்டப்படி இன்னும் செல்லும். ஆனால் அவற்றை முகமதிப்புக்குக் கடையில் நீட்டுபவர், சேகரிப்பாளர் தரக்கூடிய கூடுதல் தொகையை அப்படியே தானமாகக் கொடுத்தவர் ஆவார்.

ஜிம்பாப்வே 2009-இல் வெளியிட்ட 100 டிரில்லியன் டாலர் நோட்டு இன்னும் விந்தையானது. 2015-இல் அந்நாட்டு மத்திய வங்கி பழைய பணத்தை மாற்றிக்கொள்ள வாய்ப்பளித்தபோது, நிர்ணயித்த வீதப்படி அந்த நோட்டுக்கு 40 அமெரிக்க சென்ட் கிடைத்தது. அதே வேளையில், அதன் பூஜ்யங்களுக்காகவே அதை வாங்கியவர்கள் பல மடங்கு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பணமாக இறந்துபோனது பொருளாக உயிர் பெற்ற கதை அது. ஒரு நோட்டுக்கு வங்கி தரும் விலை வேறு, கடை ஏற்கும் விலை வேறு, சேகரிப்பாளர் தரும் விலை வேறு. மூன்றையும் தனித்தனியே விசாரித்த பின்னரே எந்தக் குவியலில் வைப்பது என்று சொல்ல முடியும்.

செலவழிக்கும் குவியலைப் பற்றிப் பேசும்போது, நாட்டுக்கு நாடு விதி மாறுவதை மறந்துவிடக் கூடாது. அமெரிக்க அரசு 1861 முதல் வெளியிட்ட பணம் இன்றும் செல்லும். இங்கிலாந்து வங்கியின், இன்றைய பிளாஸ்டிக் நோட்டுகளுக்கு முந்தைய தாள் நோட்டுகள் கடைகளில் செல்லாது. கடைசியாக 20 பவுண்டு, 50 பவுண்டு தாள் நோட்டுகள் 2022 செப்டம்பர் 30-உடன் அந்தத் தகுதியை இழந்தன. ஆயினும் அந்த வங்கி, தான் வெளியிட்ட நோட்டுகளைக் கால வரையறையின்றி மாற்றித் தருகிறது. ஜெர்மனியில் யூரோவுக்கு முன் புழங்கிய டாய்ச் மார்க்கும் (1923-இன் மார்க் அன்று) அப்படியே, கெடு இல்லாமல் யூரோவாக மாறும். யூரோ வரும் வரை செல்லுபடியாக இருந்த நெதர்லாந்தின் கில்டர் நோட்டுகளுக்கு 2032 ஜனவரி 1 வரை நேரம் உண்டு. பிரான்சின் ஃபிராங்குக்கோ 2012 பிப்ரவரி 17-ஆம் நாளோடு கதவு மூடிவிட்டது. அதன்பின் கையில் இருப்பவை சேகரிப்புப் பொருள் மட்டுமே. இந்தியாவில் 2016 நவம்பரில் மதிப்பிழந்த 500, 1000 ரூபாய் நோட்டுகளுக்கு வேறொரு சிக்கலும் உண்டு: 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவற்றை ஒருவர் மொத்தம் 10-க்கு மேலும், ஆய்வுக்காகவோ நாணயவியல் நோக்கத்துக்காகவோ 25-க்கு மேலும் வைத்திருப்பதே குற்றம். 2023 மே மாதம் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக அறிவிக்கப்பட்ட 2000 ரூபாய் நோட்டை இதோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. அது சட்டப்படி செல்லும் பணமாகவே தொடர்ந்தது. எந்த நோட்டாயினும், அதை வெளியிட்ட மத்திய வங்கியின் அறிவிப்பைத் தேடிப் படிப்பதே முதல் வேலை. கெடு உள்ள நோட்டு ஒன்று, விலையேறும் என்ற நம்பிக்கையில் உறைக்குள் கிடந்து கெடுவைத் தாண்டிவிட்டால், எந்த லேபிளும் அதன் முகமதிப்பைத் திருப்பித் தராது.

வரிசை எண்ணைப் பற்றி இப்போது மிகையான பேச்சு நடக்கிறது. எல்லா இலக்கமும் ஒன்றாக அமைந்தவை, இருபுறமிருந்தும் ஒரே மாதிரி வாசிக்கத்தக்கவை, ஏறுவரிசையில் அமைந்தவை, மிகச் சிறிய எண்கள் ஆகியவற்றுக்கு வாங்குவோர் உண்டு என்பது உண்மையே. பழுதான தாளுக்கு மாற்றாக அச்சிடப்பட்டதைக் காட்டும் நட்சத்திரக் குறியுள்ள நோட்டுகளையும் தேடுகிறார்கள். அவற்றிலும் குறைவாக அச்சான தொடர்களுக்குத்தான் மதிப்பு, நட்சத்திரம் மட்டும் போதாது. அச்சுப் பிழையுள்ள நோட்டுகள் தனி உலகம். வெட்டு விலகிப் பக்கத்து நோட்டின் துண்டையும் சேர்த்துக்கொண்டு வந்தவை, ஒருபுறம் அச்சே விழாதவை, வரிசை எண் விடுபட்டவை போன்றவற்றைச் செலவழிக்கும் குவியலில் போடாமல் தனியே எடுத்து வைக்க வேண்டும். தரச்சான்று நிறுவனத்துக்கு அனுப்பத் தகுந்தவற்றில் இவை முதல் வரிசையில் நிற்பவை, ஏனெனில் பிழை அச்சகத்தில் நேர்ந்ததா, பின்னர் யாரோ கைவேலையாகச் செய்ததா என்பதை விற்பவரே சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

விற்பது என்று முடிவானால், வியாபாரியிடம் கொடுப்பதும் ஏலத்தில் விடுவதும் வேறு வேறு கணக்குகள். வியாபாரி உடனே பணம் தருவார். மறுபடி விற்று இலாபம் பார்க்க வேண்டியவர் என்பதால் சந்தை விலையைத் தரமாட்டார், அதில் தவறும் இல்லை. ஏலத்தில் விற்பவரிடம் தரகும், வாங்குபவரிடம் கூடுதல் கட்டணமும் பிடிப்பார்கள். அறிவிக்கப்படும் தொகையில் வாங்கியவர் செலுத்திய கூடுதல் கட்டணமும் கலந்திருக்கும் என்பதால், விற்றவர் கைக்கு வந்தது அதைவிடக் குறைவு. உறையிட்டுச் சான்று பெற்ற நோட்டு ஏலத்தில் எளிதாக நகர்கிறது, ஏனெனில் தொலைவிலுள்ளவரும் நேரில் பார்க்காமலே துணிந்து கேட்கலாம். மலிவான நோட்டுகளை மொத்தமாக ஒரே கட்டாக விற்பதே மேல்; அவற்றை ஒவ்வொன்றாகச் சான்றுக்கு அனுப்புவது ஏற்றக் கூலி கொடுத்துத் தவிட்டை ஊருக்கு அனுப்புவது போன்றது. பழைய நோட்டுக்கு இலட்சக்கணக்கில் தருவதாகச் சொல்லி, முன்னதாகப் 'பதிவுக் கட்டணம்', 'வரி' என்று கேட்கும் விளம்பரங்களைத் திரும்பியும் பார்க்க வேண்டாம். இந்திய ரிசர்வ் வங்கியே தன் பெயரைப் பயன்படுத்தி இத்தகைய மோசடி நடப்பதாக 2021 ஆகஸ்டில் பொதுமக்களை எச்சரித்தது. உண்மையில் வாங்குபவர் பணம் கொடுப்பாரே தவிர, பணம் கேட்கமாட்டார்.

வைத்துக்கொள்ளும் நோட்டுகளுக்கு இந்த நிறுவனங்களின் உறை உறுதியானது என்றாலும், கட்டாயமானது அன்று. வேதிவினை புரியாத பிளாஸ்டிக்கால் ஆன, நான்கு பக்கமும் மூடிய உறை அது; விரல் படாது, தூசி புகாது, வளையாது. தடிமனாகவும் நோட்டைவிடப் பெரிதாகவும் இருப்பதால் நிறைய இடம் பிடிக்கிறது என்பதும், தாளைத் தொட்டுப் பார்க்கும் இன்பம் போய்விடுகிறது என்பதும் என் குறைகள். விற்கும் எண்ணமே இல்லாத நோட்டுக்குத் தூய பாலியெஸ்டர் உறை போதும். பி.வி.சி. கலந்த மென்மையான உறைகளை மட்டும் தவிர்க்க வேண்டும். அவற்றை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் நாளடைவில் தாளில் ஊறி மையைப் பெயர்க்கும்; பி.வி.சி. சிதையும்போது அமிலமும் வெளியாகும். ஒட்டு நாடா, ரப்பர் வளையம், குண்டூசி மூன்றும் நோட்டின் பகைகள். சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவோர், வெயில் படாத சுவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; வெளிறிய நிறத்தை எவராலும் மீட்க முடியாது. ஒரு தகவலுக்காக மட்டும் சொல்கிறேன்: விலையே இல்லாத, ஆனால் ஒருவரின் கையெழுத்தோ தேதியோ குறிப்போ உள்ள நோட்டைச் சந்தை பாழானதாகவே கருதும். அதை வைத்துக்கொள்வதற்குச் சந்தையின் அனுமதி தேவையில்லை.

சேவையின் இன்னொரு பகுதி, இதுவரை எந்த வகை நோட்டுக்கு எந்தத் தரம் எத்தனை வழங்கப்பட்டது என்று காட்டும் பதிவேடு. 'இந்தத் தரத்தில் உலகிலேயே மூன்றுதான்' என்று விற்பவர்கள் முழங்குவது இதை வைத்துத்தான். அந்தப் பதிவேட்டை இருபுறமும் சந்தேகத்தோடு படிக்க வேண்டும். அங்கே எண்ணிக்கை குறைவாக இருப்பதற்கு நோட்டு அரிது என்பது ஒரு காரணம்; மலிவான நோட்டு என்பதால் யாரும் கட்டணம் கட்டி அனுப்பவில்லை என்பது அதைவிடப் பெரிய காரணமாகவும் இருக்கலாம். இன்னொரு புறம், கூடுதல் எண் கிடைக்கும் என்ற ஆசையில் உறையைப் பிரித்து அதே நோட்டை மறுபடி மறுபடி அனுப்புவோரால் எண்ணிக்கை உண்மைக்கு மேலாகவும் ஏறிவிடுகிறது. பழைய லேபிளைத் திருப்பி அனுப்பினால் பதிவிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்றாலும், அனுப்புவோர் எல்லோரும் அவ்வளவு ஒழுங்கானவர்கள் அல்லர். 66-க்கும் 67-க்கும் இடையில் பெரும் விலை வேறுபாடு இருப்பதாகச் சொல்லப்படும் நோட்டை வாங்கும் முன், அந்த வேறுபாடு பதிவேட்டின் வெறுமையை நம்பி நிற்கிறதா, உண்மையான அருமையை நம்பி நிற்கிறதா என்று சில ஏல முடிவுகளைப் புரட்டிப் பார்த்துவிடுவது நல்லது.